மறியலைப் பற்றிச் சேர்ந்து படிக்கிறோம்

1865ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. அந்தத் திருத்தத்துக்குள்ளேயே ஒரு விலக்கும் இருக்கிறது. குற்றத்துக்கான தண்டனை என்றால் ஒருவரைக் கட்டாய உழைப்பில் வைத்திருக்கலாம். அதே 1865இல் இலங்கையில் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. வேலை ஒப்பந்தங்களைப் பற்றிய சட்டம் அது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை நீதவான் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பலாம் என்று அதில் இருந்தது. சம்பளப் பிணக்கு, கடன், வேலை ஒப்பந்தம் எல்லாம் சாதாரணமாக சிவில் வழக்குக்குரிய விஷயங்கள். இந்தச் சட்டத்துக்குக் கீழே வந்த தோட்டத்து ஆட்களுக்கு அது குற்றவியல் வழக்கு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் முன்பள்ளிக் கட்டடத்தில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது நாங்களாகப் பார்த்துப் பிடித்தது. இந்தப் பதிவு அந்த வாசிப்பு வட்டத்தைப் பற்றியது.

நான் ஹட்டனில் ஒரு லோயரிடம் கிளார்க்காக இருக்கிறேன். அம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர். வழக்குக் கோவைகளை அடுக்குவது, தவணைத் திகதியைக் குடும்பங்களுக்குப் போன் பண்ணிச் சொல்வது, பிணைக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று விளக்குவது எல்லாம் என் வேலை. ஒவ்வொரு கிழமையும் ஏதோ ஒரு தாய் என் மேசைக்கு முன்னால் நின்று, "பிள்ளையை எப்ப விடுவாங்க?" என்று கேட்பார். சட்டப்படி பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஏன் எப்போதும் இந்தத் தாய்மாரே வந்து நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆபீசில் பதில் கிடைக்கவில்லை.

வட்டம் தொடங்கியது வேறொரு காரணத்துக்காக. மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அதைப் பற்றி அறிந்த பிறகு எங்கள் பக்கத்தில் சிலர் மலையக வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று கூடினோம். அந்த வருடம் டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரானது என்று சொல்லி 'யுக்திய' நடவடிக்கையை அரசாங்கம் ஆரம்பித்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்களை அள்ளினார்கள். தோட்டத்துப் பையன்களும் போனார்கள். கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் அக்காவின் தம்பியும் போனான். அப்புறம் வரலாற்றை மட்டும் படித்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வரவில்லை. மறியல் என்பது என்ன, அது யாருக்காக வந்தது, அது இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்கத் தொடங்கினோம். அமெரிக்காவில் சிறை ஒழிப்புக்காக வேலை செய்பவர்கள் இதையே பல வருடமாகச் சேர்ந்து படித்து வருகிறார்கள் என்று பேராதனையில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த தம்பி ஒருவர் சொன்னார். அவருடைய கையில் அது பற்றிய கட்டுரைகள் சில இருந்தன.

வருகிறவர்கள் யார் என்று சொன்னால்தான் எப்படிப் படிக்கிறோம் என்பது விளங்கும். கொழுந்து எடுக்கும் அக்காமார் நாலைந்து பேர். முன்பள்ளி டீச்சர். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் ஒருவர். கொழும்பில் கடையில் நின்றபோது ஒரு வழக்கில் மாட்டிப் பல மாதம் ரிமாண்டில் கிடந்து, கடைசியில் குற்றமில்லை என்று வெளியே வந்த அண்ணன் ஒருவர். பணிய லயத்து (லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பாட்டி, அவருக்குத் துணையாக வரும் பேத்தி. சில மாதங்களில் கண்டியிலிருந்து சிங்களத் தோழர்கள் இரண்டு பேர் வருவார்கள். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அக்காமாரில் இருவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும்.

அதனால் யாரும் வீட்டில் படித்துவிட்டு வருவதில்லை என்று முடிவு செய்தோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலே படித்துவிட்டால் பதிலோடு வந்துவிடுவார்கள்; மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். தம்பி ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் போட்டோகொப்பி எடுத்து வருவார். ஒருவர் சத்தமாக வாசிப்பார். யாருக்காவது ஏதாவது தோன்றினால் "நில்லு" என்பார்கள். வாசிப்பு நிற்கும். ஒரு பின்னேரம் முழுக்க ஒன்றரைப் பக்கம்தான் போன நாட்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. சட்டப் பிரிவுகளை வேகமாகப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு வசனத்தில் இத்தனை பேர் இத்தனை நேரம் நிற்கலாம் என்பதே புதுசு.

மிசிசிப்பி மாநிலத்தின் சட்டங்களை வாசித்த பின்னேரத்தைச் சொல்லத்தான் வேண்டும். அடிமை முறை ஒழிந்த கையோடு, அதே 1865இல், அந்த மாநிலம் கறுப்பின மக்களுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டுப் போனால் அதுவரை உழைத்த சம்பளம் கிடையாது. ஓடிப் போனவரைப் பிடித்து எசமானிடம் திரும்பக் கொண்டுவருபவருக்கு 5 டொலரும், மைலுக்கு 10 சதமும் கூலி. வேலையில்லாமல் திரிகிறார் என்று தண்டம் விதிப்பார்கள். கட்ட முடியாதவரை, அந்தத் தண்டத்தைக் கட்டும் ஆளுக்கு வேலைக்கு விட்டுவிடுவார்கள். டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். "மைலுக்கு 10 சதம்" என்ற இடத்தில் பாட்டி நிறுத்தினார்.

"இது நம்ம துண்டு கதைதானே புள்ள. எங்க தாத்தன் ராத்திரியோட ராத்திரியா பீலிக்கரை வழியா இறங்கி ஓடி வந்தவரு. பிடிச்சுக்கிட்டுப் போக ஆள் வந்துச்சாம்."

துண்டு என்றால் என்ன என்று பேத்தி கேட்டாள். பாட்டி சொன்னதும் நான் பிறகு தேடிப் படித்ததும் ஒன்றுதான். தொழிலாளிக்குக் கங்காணியிடமும் தோட்டத்திடமும் இருக்கும் கடனைத் துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். இந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். கடன்தான் தோட்டத்துக்குத் தோட்டம் விலைபோகும். ஆட்கள் அதோடு போவார்கள். துண்டு இல்லாமல் புறப்பட்டால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் பின்னாலேயே வரும். பாட்டியின் தாத்தா குற்றவாளி. அவர் செய்த குற்றம் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போனது.

அன்றைக்கு ஸ்டோர் அண்ணன் கேட்ட கேள்வி எங்கள் வட்டத்தின் போக்கையே மாற்றியது. "அந்தச் சட்டம் இப்ப இருக்கா?" இல்லை. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. வேலையை விட்டால் மறியல் என்ற தண்டனைப் பிரிவுகளும் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. இங்கே பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் பேசினார்கள், எழுதினார்கள். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. துரைமார் எதிர்த்தார்கள். மறியல் பயம் இல்லாவிட்டால் ஆட்கள் தோட்டத்தில் நிற்கமாட்டார்கள் என்பது அவர்களின் கவலை. பயம் போனது. தேயிலை நிற்கவில்லை.

நான் இந்தப் பதிவை எழுதுவதே இதைச் சொல்லத்தான். சிறை ஒழிப்பு என்று கேட்டதும் நம்மவர்கள் பலர், அது வெள்ளைக்கார நாட்டுப் படித்தவர்களின் பேச்சு, நமக்குப் பொருந்தாது என்கிறார்கள். மலையகத் தமிழரை விட அது யாருக்குப் பொருந்தும்? ஒரு மறியல் சட்டத்துக்குக் கீழே பிறந்து, அது ஒழிந்ததையும் பார்த்துவிட்டு வந்த சனம் நாம். இயற்கையாகவே இருப்பது போலத் தோன்றிய ஒரு தண்டனை, அறுபது வருடத்துக்குள் இல்லாமல் போனது. இது நம் குடும்பங்களில் நடந்த கதை.

அதே கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. மறியல் பிரிவு போனது. நிலம் வரவில்லை, வீடு வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இருந்ததையும் பறித்தது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1935இல் இதையே தன் மக்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: அடிமை முறையை ஒழித்தால் மட்டும் போதாது, விடுதலையான மக்களுக்கு நிலமும் பள்ளிக்கூடமும் வாக்கும் தரும் புது நிறுவனங்கள் எழும்ப வேண்டும், அவை எழும்பாததால் ஒழிப்பு பாதியில் நின்றது. அமெரிக்கக் கறுப்பினச் செயற்பாட்டாளர் ஏஞ்சலா டேவிஸ் இதை எடுத்துத்தான் சிறைக்குப் பொருத்துகிறார். அவர் 1970இல் கைதாகி, 1972இல் நிரபராதி என்று விடுதலையானவர். சிறை ஒழிப்புக்கான கிரிட்டிக்கல் ரெசிஸ்டன்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் பெரிய மாநாடு 1998இல் பேர்க்லியில் நடந்தது. அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, கட்டடத்தை இடிப்பதை விட அதற்குப் பதிலாக என்னென்ன கட்டப் போகிறோம் என்று கேட்பதுதான்.

இப்போது யார் உள்ளே போகிறார்கள்? இதை நான் வட்டத்துக்கு என் ஆபீஸ் அனுபவத்திலிருந்தும், சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரப் புத்தகத்திலிருந்தும் எடுத்துச் சொன்னேன். இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும்பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். தீர்ப்பே இல்லாமல் விளக்கமறியலில் போகிறவர்கள் அவர்களை விடவும் எத்தனையோ அதிகம். இடவசதிக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள். ரிமாண்டில் இருந்த அண்ணன், "முறை வச்சுத்தான் தூங்குவோம்" என்று மட்டும் சொன்னார். கசிப்பு (சட்டவிரோதச் சாராயம்) கேசில் பிடிபடும் தோட்டத்துப் பெண்களை எனக்குத் தெரியும். தண்டம் கட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். காசு இல்லாவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே. மிசிசிப்பிச் சட்டத்தில் தண்டம் கட்ட முடியாதவரைப் பற்றி வாசித்தபோது அக்காமார் ஏன் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு விளங்கியது.

பிணையும் அப்படித்தான். சொத்துக் காட்டு என்று கேட்டால் லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதிப் பத்திரம்? நிரந்தர வசிப்பிடம் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்பார்கள். காம்பராவுக்கென்று தனி விலாசம் கிடையாது, தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பையனுக்குத் தெரியாது. தவணைக்குத் தவணை இப்படியே தள்ளும். உள்ளே இருப்பவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியை யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

லொஸ் ஏஞ்சலிஸில் 1990களின் தொடக்கத்தில் மறியலில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார் ஓர் அமைப்பாகக் கூடினார்கள். ரூத் வில்சன் கில்மோர் என்ற அமெரிக்க அறிஞர் அந்தத் தாய்மாரோடு வேலை செய்து அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தத் தாய்மார் ஒருவர் பிள்ளையின் வழக்குக்கு இன்னொருவர் போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற வாசலில் மற்றத் தாய்மாரிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். தன் பிள்ளை நிரபராதியா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் போனார்கள். இதை வாசித்து முடித்ததும், தம்பி உள்ளே போயிருந்த அந்த அக்கா, "நாமளும் போகலாமே" என்றார். கட்டுரையின் மிச்சத்தை அன்று யாரும் வாசிக்கவில்லை. யார் யாருக்கு எப்போது தவணை என்று ஒரு கொப்பியில் எழுதினோம்.

அது இன்றுவரை நடக்கிறது. யாருக்காவது ஹட்டனில் தவணை என்றால் வட்டத்திலிருந்து ஓர் ஆளாவது கூடப் போவோம். கொழுந்து எடுக்கும் அக்கா போனால் அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை, சம்பளம் போகும். அதனால் சீட்டுப் பிடிக்கும்போது ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்கிறோம். பஸ் காசு, சில நேரம் சின்னத் தண்டப்பணம் அதிலிருந்து போகிறது. பெரிய வெற்றி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் தரகர்களிடம் காசைக் கொடுத்து ஏமாறும் தாய்மாரின் தொகை எங்கள் பக்கத்தில் குறைந்திருக்கிறது. அடுத்த தவணை என்றைக்கு என்று தெரியாமல் அழுதுகொண்டு வீடு திரும்புகிறவர் இப்போது இல்லை. சிங்களத்தில் என்ன சொன்னார்கள் என்று சொல்லித்தர டீச்சரோ நானோ பக்கத்தில் இருக்கிறோம்.

அட்டிகாவைப் பற்றி ஒரு நாள் வாசித்தோம். நியூயோர்க் மாநிலத்துச் சிறை அது. ஒருவருக்குக் கிழமைக்கு ஒரு முறைதான் குளியல், மாதத்துக்கு ஒரு சுருள் கழிப்பறைத் தாள். கைதிகள் சேர்ந்து படித்தார்கள், விவாதித்தார்கள். 1971 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாச் சிறையில் ஜோர்ஜ் ஜாக்சன் என்ற கறுப்பினக் கைதி சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒருவரும் பேசாமல், காலைச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் கிளர்ந்தெழுந்து சிறையைப் பிடித்தார்கள். அதை மீட்கிறோம் என்று வந்த படை சுட்டதில் 39 பேர் செத்தார்கள். அதில் 10 பேர் பிணையாக இருந்த ஊழியர்கள். ரிமாண்ட் அண்ணன் வழக்கமாக அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். மஹர சிறையில் 2020 நவம்பரில் 11 கைதிகள் இறந்தபோது அவர் வேறொரு மறியலில் இருந்தார். கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம், பார்க்க யாரும் வரமுடியாது. செய்தி வெளியே போவதற்கு முன்பே சுவருக்குச் சுவர் உள்ளே வந்துவிட்டதாம். அட்டிகாக்காரர்கள் எப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தார்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அது முடியும் என்பதே அவருக்கு அதிசயம். உள்ளே தான் ஒரு நாளும் தனியாக இல்லை, ஆனால் ஒரு நாளும் யாரோடும் இல்லை என்றார்.

இனி கஷ்டமான இரண்டு கேள்விகள்.

முதலாவதைக் கேட்டவர் மேட்டு லயத்து அக்கா ஒருவர். "அவரு குடிச்சிட்டு வந்து அடிக்கிறப்ப நான் யாரைக் கூப்பிடுறது? பொலிஸும் வேணாம்னா?" இதற்குக் கட்டுரையிலிருந்து பதில் சொல்ல முயன்ற தம்பியை டீச்சர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் எழுப்பினார்கள். இன்சைட் என்ற கறுப்பின, பழங்குடி, குடிவரவுப் பெண்களின் அமைப்பு 2001இல் கிரிட்டிக்கல் ரெசிஸ்டன்ஸோடு சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது: சிறையை எதிர்க்கும் இயக்கம் அடிபடும் பெண்ணின் பாதுகாப்பை மறந்துவிடுகிறது, வன்முறையை எதிர்க்கும் இயக்கம் பொலிஸை மட்டுமே நம்பிவிடுகிறது, இரண்டும் பிழை. அதை வாசித்துவிட்டு, அந்த அக்காவிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம்.

அவர் மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறார். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபைகள் அவை. கடன், எல்லைச் சண்டை, வாய்த்தகராறு போன்றவற்றை நீதிமன்றம் போகாமல் தீர்க்க நல்ல வழி என்றுதான் நான் நினைக்கிறேன். அடிபட்ட பெண்ணிடம் "பிள்ளைகளுக்காகச் சேர்ந்து போங்க" என்று சொல்லி அனுப்பினால், அங்கே தீர்ந்தது சபையின் வேலை மட்டும்தான். பொலிஸுக்கும் போயிருக்கிறார். கணவர் இரண்டு கிழமை உள்ளே இருந்தார். வீட்டில் ஒரு சம்பளம் நின்றது. வந்ததும் அதற்காகவும் அடித்தார். அவருக்கு வேண்டியிருந்தவை: சம்பள நாள் ராத்திரி படுக்க ஓர் இடம், தன் சம்பளம் தன் கையிலேயே இருக்க ஒரு வழி, கணவர் மதிக்கும் ஆட்கள் யாராவது அவரிடம் நேருக்கு நேர் பேசுவது. முதலிரண்டும் நடந்தது. இரண்டு காம்பராக்களின் கதவு அவருக்காக எந்த நேரமும் திறக்கும், வங்கிப் புத்தகம் டீச்சரிடம் இருக்கிறது. மூன்றாவது பாதிதான் நடந்திருக்கிறது. அடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தேவைப்பட்டால் அவர் பொலிஸைக் கூப்பிடுவார். எங்களில் யாரும் அவரைக் குறைசொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாங்கள் வேறு வழியைக் கட்டி முடிக்கும்வரை இருக்கிற வழியை அவரிடமிருந்து பறிக்க எங்களுக்கு உரிமையில்லை.

இரண்டாவது கேள்வி பிந்துனுவெவ.

பண்டாரவளைக்குப் பக்கத்தில், நம் மலைநாட்டிலேயே, புனர்வாழ்வு முகாம் என்ற பெயரில் தமிழ் இளைஞர்களைத் தடுத்து வைத்திருந்த இடம். அவர்களை எந்த நீதிமன்றமும் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் திகதி காலையில் ஒரு கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மலையகம் முழுக்கக் கொதித்தது, தலவாக்கலையில் ஆர்ப்பாட்டம் மோதலாகி அங்கேயும் உயிர் போனது, ஊரடங்கு போட்டார்கள். அம்மா எங்களைக் காம்பராவை விட்டு வெளியே விடவில்லை. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2005க்குள் உயர் நீதிமன்றம் அவர்கள் எல்லோரையும் விடுவித்துவிட்டது.

இதைப் படித்த அன்று ஸ்டோர் அண்ணன் எழுந்தே விட்டார். "கொன்னவனுக்கு மறியலும் இல்லைன்னு விட்டுட்டாங்க. நீங்க மறியலே வேணாம்ங்கிறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" நியாயமான கோபம். கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலையில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றதற்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. தண்டனை கிடைக்காத கொலைகளையே பார்த்துப் பார்த்து வளர்ந்த நமக்கு, தண்டனையே வேண்டாம் என்று சொல்வது காதில் எப்படி விழும் என்பதை வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

ரிமாண்ட் அண்ணன் வேறு பக்கத்திலிருந்து சொன்னார். செத்தவர்கள் எல்லோரும் அரசாங்கத்தின் காவலில் இருந்தவர்கள். ஓடமுடியாதபடி அவர்களை வைத்திருந்தது அந்த வேலி. வெலிக்கடை 1983, பிந்துனுவெவ 2000, மறுபடி வெலிக்கடை 2012இல் 27 பேர், மஹர 2020. அடைத்து வைத்திருந்த இடம் எதுவும் யாரையும் காப்பாற்றவில்லை. அவர் இதைச் சொன்னபோது கண்டித் தோழர்களில் ஒருவர், 1971லும் 1988–89லும் ஜே.வி.பி. கிளர்ச்சிகளின்போது முகாம்களில் காணாமல் போன சிங்கள இளைஞர்களைப் பற்றிச் சொன்னார். அவர் குடும்பத்திலும் ஒருவர்.

என் கருத்தை அன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அரசு தன் ஆட்களைத் தானே விடுவித்துக்கொள்வது சிறை ஒழிப்பாகாது. அது அதே மறியலின் இன்னொரு முகம்: ஓர் ஆளைத் தண்டப்பணத்துக்காக உள்ளே தள்ளும் அதே கை, இன்னோர் ஆளைக் கொலைக்குப் பிறகும் தட்டிக்கொடுக்கிறது. பிந்துனுவெவவில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு என்ன நடந்தது, யார் கட்டளையிட்டது, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்று பெயர் பெயராகச் சொல்லப்பட வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பதவியில் இருக்கக் கூடாது. இழப்பீடு, நினைவிடம், அரசின் வாயிலிருந்தே ஒப்புதல், எல்லாம் வேண்டும். ஐந்து பேரைத் தூக்கில் போட்டிருந்தால் இவற்றில் எதுவும் கிடைத்திருக்காது. கட்டளை போட்டவர்களின் பெயர் அவர்களோடு புதைந்திருக்கும். ஸ்டோர் அண்ணன் இதை ஏற்கவில்லை. கொலைகாரருக்கு ஆயுள் தண்டனையாவது வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறார். அடுத்த ஞாயிறும் வந்தார், வந்துகொண்டே இருக்கிறார், தவணைக்கு ஆள் இல்லை என்றால் முதலில் கை தூக்குவதும் அவர்தான். ஒரே முடிவுக்கு வந்தால்தான் சேர்ந்து வேலை செய்யலாம் என்ற கட்டாயத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

கண்டிக்குப் போனபோது போகம்பரைச் சிறையை வெளியே நின்று பார்த்தோம். 1876இல் கட்டியது, 2014இல் மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். 1942 ஏப்ரலில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மன்ட் சமரக்கொடி ஆகிய இடதுசாரித் தலைவர்கள் நால்வரும் காவலர் ஒருவரின் உதவியோடு தப்பியது இங்கிருந்துதான். அதே வருடம் புப்புரஸ்ஸப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவரின் கொலைக்காகத் தோட்டத் தொழிலாளர் இருவர் தூக்கில் போனதும் இங்கேதான். முதல் கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டி இரண்டாவதை மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் பிணைச் சட்டத்தை எடுக்கிறோம், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கம். பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் நடப்பதற்கும் அந்த வரிக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதலாம் என்று அக்காமார் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். மறியலுக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்க அதில் இடமிருக்கிறது. கசிப்புக் கேசில் தண்டம் கட்ட முடியாத பெண்களுக்கு அதைக் கேட்டு வாங்க முடியுமா என்று என் லோயரிடம் பேசி வைத்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் லயத்துக்கு லயம் ஒட்ட ஒரு தாள் தயாரிக்க வேண்டும்: பொலிஸ் வந்தால் என்ன கேட்கலாம், கையெழுத்துப் போடும் முன் என்ன செய்ய வேண்டும், பிணைக்கு என்ன கடிதம், யாருக்குப் போன் பண்ணுவது. தமிழில், பெரிய எழுத்தில். சட்ட வசனங்களை எளிய தமிழில் எழுதிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள், அந்த வேலைக்கு எங்களுக்கு ஆள் போதாது.